செட்னு சொன்னதுக்கும் துப்பாக்கி வெடிக்கிறதுக்கும் நடுவுல

ஒரு சின்ன கணக்குல இருந்து ஆரம்பிக்கிறேன். உலக லெவல்ல 100 மீட்டர் ஓடுற ஒரு ஸ்பிரின்டர் ஹீட்ஸ்ங்கிற முதல் சுத்து, செமி, ஃபைனல் எல்லாம் சேர்த்து ஒரு வருஷத்துக்கு ஒரு இருபத்தஞ்சு தடவை போட்டியில ஓடுறார்னு வெச்சிக்கோங்க, தடவைக்கு பத்து செகண்ட், ஆக மொத்தம் நாலு நிமிஷம் பத்து செகண்ட். பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ சொல்லி ஆத்தி குடிக்கிறதுக்குள்ள அவரோட வருஷம் முடிஞ்சிடுது. மீதி நேரம் பூரா காத்துக்கினு இருக்கிறதுதான், அதுலதான் மனசு கெட்டுப்போகும், இல்ல தேறும்.

நம்ம ஊர் பேப்பர்ல ஓட்டக்காரங்களைப் பத்தி வர்ற கட்டுரை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கவனிச்சிருப்பீங்க. கூரை வீடு, காலுக்கு ஷூ இல்ல, பாட்டி கூலிக்குப் போய் வளர்த்தாங்க, இன்னைக்கு மெடல். பொய்னு சொல்லல. மதுரை ரேவதி வீரமணி நிஜமாவே பாட்டி வளர்த்து, வெறுங்கால்ல ஓடிப் பழகி, 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போனாங்க. ஆனா அந்தக் கட்டுரைங்கள்ல கால் மட்டும்தான் இருக்கும், தலை இருக்காது. ஸ்டார்ட்டிங் பிளாக்ல, அதாவது கெளம்பும்போது உதைக்கிற கட்டையில, காலை வெச்சிட்டு குனிஞ்சு இருக்கும்போது அவங்களுக்கு உள்ள என்ன ஓடுதுன்னு யாரும் கேக்கவே மாட்டாங்க.

எனக்கு அது கொஞ்சூண்டு தெரியும், தோத்தவன்ங்கிற முறையில. 90-கள் நடுவுல, பத்தாவது படிக்கும்போது கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துல டிஸ்ட்ரிக்ட் மீட் ஓடுனேன். துப்பாக்கி எல்லாம் கிடையாது, ரெண்டு பலகையை கீல் போட்டு சேர்த்திருப்பாங்களே கிளாப்பர், அதைத்தான் டப்புனு அடிப்பாங்க. சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னாடி விரலை ஊணி, செட்னு சொன்னதும் இடுப்பைத் தூக்குனேன், அடிக்கிறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டேன். அப்போ ரூல் என்னன்னா ஆளுக்கு ஒரு தடவை மன்னிப்பு உண்டு, ரெண்டாவது தடவை பண்ணாதான் வெளிய அனுப்புவாங்க. பீட்டி சார் கிட்ட வந்து "டேய் இன்னொரு வாட்டி போனேன்னா அவ்ளோதான், பொறுமையா இரு"ன்னு காதுல சொல்லிட்டுப் போனார். அந்தப் பொறுமையா இருங்கிற வார்த்தைதான் என்னை காலி பண்ணிச்சு. மறுபடி செட் சொன்னப்போ கட்டை சத்தம் கேட்டுச்சு, பக்கத்துல இருந்தவன் போறதை என் கண்ணு பாத்துச்சு, அதுக்கப்புறம்தான் நான் எழுந்தேன். எட்டு பேர்ல ஏழாவது. அந்த எட்டாவது பையனுக்கு நடுவுல கால் மடங்கிடுச்சு, அதனால ஏழாவது.

இந்த ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது முன்னாடியே கெளம்பிடுற தப்போட ரூல் மாறிக்கிட்டே வந்த கதையைப் பாத்தா ஓட்டக்காரன் மனசு மேல எவ்ளோ சுமையை ஏத்திக்கிட்டே போனாங்கன்னு புரியும். 2003 வரைக்கும் நான் சொன்ன மாதிரி ஆளுக்கு ஒண்ணு. 2003-ல மாத்துனாங்க, முதல் தப்பு யார் பண்ணாலும் அது மொத்த கூட்டத்துக்கும் எச்சரிக்கை, அடுத்து யார் பண்ணாலும் அவுட், அதாவது பக்கத்து லேன்காரன் பண்ண தப்புக்கு நீயும் பயந்துக்கினு நிக்கணும். அந்த வருஷமே பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்ல ஜான் டிரம்மண்ட்னு ஒரு அமெரிக்கக்காரரை வெளிய போகச் சொன்னப்போ மனுஷன் போக மாட்டேன்னு லேன்லயே மல்லாக்க படுத்துட்டார், நம்ம ஊர் சாலை மறியல் மாதிரி. 2010-ல இருந்து அதுவும் போச்சு. இப்போ ஒரே ஒரு தடவை முன்னாடி கெளம்புனாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பெரிய போட்டியில அதை கண்ணால மட்டும் பாத்து சொல்றது இல்ல, பிளாக்லயே சென்சார் இருக்கு. துப்பாக்கி சத்தத்துக்கு அப்புறம் 0.100 செகண்டுக்கு உள்ள கால் அழுத்தம் பதிவானா ஃபால்ஸ் ஸ்டார்ட். சத்தம் காதுக்குப் போய், மூளைக்குப் போய், அங்கிருந்து காலுக்கு உத்தரவு வந்து சேர அவ்ளோ நேரமாவது ஆகும், அதுக்கும் முன்னாடி கெளம்புனா நீ கேட்டு ஓடல, குருட்டாம்போக்குல ஓடுறேன்னு அர்த்தம். சத்தம்னு சொன்னேன்ல, அதுலயே ஒரு விஷயம் இருக்கு. ஒரு லேன் 1.22 மீட்டர் அகலம், எட்டு லேன் தள்ளி நிக்கிறவனுக்கு துப்பாக்கி சத்தம் ஒரு 0.03 செகண்ட் லேட்டா போய் சேரும், அதனாலதான் பெரிய போட்டியில ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னாடியும் தனியா ஒரு ஸ்பீக்கர் வெச்சிருப்பாங்க. 2022-ல அமெரிக்காவுல யூஜீன்ங்கிற ஊர்ல உலக சாம்பியன்ஷிப், 110 மீட்டர் ஹர்டில்ஸ் ஃபைனல், அமெரிக்காக்காரர் டெவன் ஆலன் ரியாக்‌ஷன் டைம் 0.099. ஆயிரத்துல ஒரு பங்கு சீக்கிரம், அவ்ளோதான், வெளிய அனுப்பிட்டாங்க. அவர் காலேஜ் படிச்ச ஊரே அதுதான், அவங்க அப்பா இறந்து அப்போ ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. எனக்கு இன்னைக்கும் அந்த முடிவுல சம்மதம் இல்ல.

உசைன் போல்ட் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுல நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறது ரெண்டு நம்பரைத்தான். 2009 பெர்லின்ல 9.58 செகண்ட் ஓடி உலக ரெக்கார்டு போட்டப்போ அவர் ரியாக்‌ஷன் 0.146. ரெண்டு வருஷம் கழிச்சு 2011 ஆகஸ்ட்ல தென்கொரியா தேகுல உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்ல ஃபால்ஸ் ஸ்டார்ட், யார் பாத்தாலும் தெரியுற அளவுக்கு முன்னாடியே பாஞ்சிட்டார், சட்டையைக் கழட்டிக்கிட்டே போனார், கூட பயிற்சி எடுக்குற யோஹான் பிளேக் ஜெயிச்சார். அடுத்த வருஷம் ஜமைக்கா டிரையல்ஸ்ல அதே பிளேக் கிட்ட 100, 200 ரெண்டுலயும் தோத்தார். அப்புறம் லண்டன் ஒலிம்பிக்ஸ் ஃபைனல்ல அவர் ரியாக்‌ஷன் 0.165. பெர்லினை விட லேட். உலகத்துலயே வேகமான ஆளும் துப்பாக்கி சத்தம் நல்லா கேட்டுச்சான்னு ஒரு வாட்டி உறுதி பண்ணிக்கிட்டுத்தான் கெளம்பியிருக்கார்னு நான் நினைக்கிறேன், மஞ்சக்குப்பத்துல நான் பண்ண மாதிரியே. வித்தியாசம் என்னன்னா அவர் அந்த பயத்தை அங்கயே பிளாக்லயே விட்டுட்டு 9.63 ஓடுனார், நான் அதை நூறு மீட்டர் பூரா தூக்கிக்கினு ஓடுனேன்.

சரி, கெளம்பியாச்சு. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அது பத்து செகண்ட் வெறி பிடிச்ச ஓட்டமா தெரியும். பழகுனவங்க அப்படி சொல்ல மாட்டாங்க. முதல் முப்பது மீட்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு தரையைத் தள்ளுறது, அப்புறம் மெல்ல நிமிர்றது, அறுபது எழுபதுக்கிட்ட உச்ச வேகம். போல்ட் பெர்லின்ல 60-ல இருந்து 80 மீட்டர் வரைக்கும் 1.61 செகண்ட்ல போனார், மணிக்கு 44.7 கிலோமீட்டர் சொச்சம். அதுக்கு மேல யாராலயும் வேகத்தைக் கூட்ட முடியாது, போல்டாலயும் முடியாது. கடைசி இருபது மீட்டர்ல ஒருத்தர் பின்னால இருந்து பிச்சிக்கிட்டு வர்ற மாதிரி தெரியுதே, உண்மையில அவரும் மெதுவாத்தான் ஆகிட்டு இருக்கார், மத்தவங்க அவரை விட சீக்கிரம் மெதுவாகுறாங்க. இங்கதான் மனசு வந்து கெடுக்கும். பக்கத்து லேன்ல ஒரு தோள் முன்னாடி தெரிஞ்ச உடனே இன்னும் முக்கி ஓடணும்னு தோணும், பல்லைக் கடிப்போம், கழுத்து விறைக்கும், தோள் காதுக்கு ஏறும். முன் தொடை இழுக்கும்போது பின் தொடை விட்டுக் கொடுக்கணும், பின் தொடை இழுக்கும்போது முன்னது விடணும். முக்குனா ரெண்டும் ஒரே நேரத்துல இறுகும், சைக்கிள்ல பெடலையும் மிதிச்சு பிரேக்கையும் புடிச்ச கதைதான்.

அமெரிக்காவுல சான் ஹோசேல பட் வின்டர்னு ஒரு கோச் இருந்தார், ரெண்டாம் உலகப்போர் சமயத்துல கடற்படை விமானிங்களுக்கு உடம்பைத் தளர்த்தித் தூங்கக் கத்துக் கொடுத்தவர், அப்புறம் அதையே ஓட்டக்காரங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார், ஒலிம்பிக் தங்கம் வாங்குன டாமி ஸ்மித், லீ எவன்ஸ் எல்லாம் அவர் பசங்க. முழு பலத்தைப் போடாதே, பத்துல ஒன்பது பங்கு போடு, தாடையும் கையும் தொளதொளன்னு இருக்கட்டும்ங்கிறதுதான் அவர் பாடம். நம்ம அண்ணா ஸ்டேடியத்துல காலைல ஒரு கோச் கத்துறதைக் கேட்டிருக்கேன், "கையில அப்பளம் வெச்சிருக்கடா, ஒடைக்காம எடுத்துக்கினு வா"ன்னு. பட் வின்டர் யாருன்னு அந்த மனுஷனுக்குத் தெரியுமோ தெரியாதோ, சொன்ன விஷயம் அதேதான். சொல்றது ஈஸி. ஒலிம்பிக்ஸ் ஃபைனல்ல உன் வாழ்க்கையே அந்த பத்து செகண்ட்ல இருக்கும்போது பத்துல ஒரு பங்கு பலத்தை வேணும்னே கையில வெச்சிக்கிட்டு ஓடுறதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு, தெரிஞ்ச வேலையை கவனிச்சு செஞ்சா கெட்டுப்போறது. எங்க அம்மா காலைல கோலம் போடும்போது சின்ன வயசுல நான் பக்கத்துல உக்காந்து, இந்தப் புள்ளிக்கு அப்புறம் எந்தப் பக்கம் வளைப்பேன்னு கேப்பேன், கை அப்படியே நின்னுடும், "போடா அந்தாண்ட"ன்னு திட்டு விழும். பல்லாயிரம் தடவை பழகுன காலும் அப்படித்தான், பெரிய போட்டியில பயம் வந்தா மனசு குனிஞ்சு பாத்து இப்போ எந்தக் கால்னு கேக்க ஆரம்பிக்கும். அதனாலதான் நிறைய பேர் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மனசுல வெச்சிக்கிறாங்க, தள்ளு, இல்லன்னா உயரமா, ஏதோ ஒண்ணு. மனசுக்கு ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்து ஓரமா உக்கார வெக்கிற வேலை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் 100 மீட்டர் ஃபைனல் இதெல்லாத்தையும் ஒரே பந்தயத்துல காட்டிடுச்சு. அமெரிக்காவோட நோவா லைல்ஸ் ரியாக்‌ஷன் 0.178, கெளம்புனதுல கடைசி வரிசை, முப்பது மீட்டர்ல எட்டாவது ஆளா இருந்தார். பதறியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். பதறல. கடைசியில லைல்ஸ் 9.784, ஜமைக்காவோட கிஷேன் தாம்சன் 9.789. அந்த வேகத்துக்கு 0.005 செகண்ட்னா அஞ்சாறு சென்டிமீட்டர், மூணு விரக்கடை. ஓடி முடிச்சிட்டு ஃபோட்டோ பினிஷுக்காக ரெண்டு பேரும் பெரிய ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு நின்னாங்களே, அந்த நிமிஷம் ஓட்டத்தை விட நீளம். லைல்ஸே தாம்சன் கிட்ட போய் நீதான் ஜெயிச்சிருப்பேன்னு சொல்லியிருக்கார். ஜெயிச்சதுக்கு அப்புறம் அந்த மனுஷன் தனக்கு ஆஸ்துமா, டிஸ்லெக்சியா, பதட்டம், டிப்ரெஷன் எல்லாம் இருக்குன்னு ஒரு லிஸ்ட் போட்டார், அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்குறேன்னும் வெளிப்படையா சொன்னவர்தான். நம்ம பக்கம் ஒரு பையன் கோச் கிட்ட போய் மனசு சரியில்ல சார்னு சொன்னா முதல் பதில் "ஒழுங்கா சாப்டியா"தான், ரெண்டாவது பதில் "லவ்வா"ங்கிறது. தொடையில புடிச்சிக்கிச்சுன்னா ஐஸ் வெக்க நாலு பேர் ஓடி வருவாங்க.

தோல்வின்னா அதுலயும் தூரம் இருக்கு. எட்டாவதா வந்தவன் அன்னைக்கு ராத்திரி அழுதுட்டு தூங்கிடுவான். நாலாவதா வந்தவன் தூங்க மாட்டான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் ஹர்டில்ஸ், பி.டி. உஷா 55.42, மூணாவது வந்த ருமேனியாக்காரம்மா 55.41. உஷா ஊரு பய்யோளி, நம்ம புதுச்சேரியோட மாஹேல இருந்து ரொம்ப தூரம் இல்ல, அந்தப் பக்கம் இன்னும் அதைப் பத்தி பேசுவாங்க. அன்னைக்கு முதல் ஸ்டார்ட்டை அவங்க பிரமாதமா எடுத்தாங்க, வேற ஒருத்தங்க ஃபால்ஸ் ஸ்டார்ட் பண்ணதால திரும்பக் கூப்பிட்டாங்க, ரெண்டாவது தடவை அந்த ரிதம் வரல. அங்க கெடச்ச சாப்பாடு ஒத்துக்காம கஞ்சியும் ஊறுகாயும்தான் சாப்பிட்டேன்னும் பின்னாடி சொன்னாங்க. 1960 ரோம்ல மில்கா சிங்கும் நாலாவதுதான். மெடலை விட்ட அந்தத் துளி நேரத்தைப் பத்தி வாழ்நாள் பூரா ஒவ்வொரு மேடையிலயும் பதில் சொல்லணும்ங்கிறது எந்த டிரெயினிங்லயும் கிடையாது.

இதுல எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம் சாவுச் செய்தி. 2021-ல திருச்சி தனலட்சுமி சேகர் பாட்டியாலாவுல 200 மீட்டர்ல 23.26 ஓடி உஷாவோட பழைய மீட் ரெக்கார்டை முறிச்சாங்க, டோக்கியோவுக்கு ரிலே ரிசர்வா போனாங்க. அவங்க அங்க இருக்கும்போது இங்க அக்கா இறந்துட்டாங்க. வீட்டுல சொல்லல, ஓட்டம் கெட்டுடக் கூடாதுன்னு. திரும்பி திருச்சி ஏர்போர்ட்டுல வந்து இறங்குன பிறகுதான் தெரிஞ்சு அங்கயே மண்டி போட்டு அழுதாங்க, அந்த வீடியோவை என்னால முழுசா பாக்க முடியல. நல்ல மனசோடதான் மறைச்சாங்கன்னு தெரியும், நம்ம வீடுங்கள்ல பரீட்சை எழுதுற புள்ளைக்கும் இதையேதான் பண்றோம். ஆனா எனக்கு அது சரின்னு படல. அதே வருஷம் அமெரிக்க ஸ்பிரின்டர் ஷகாரி ரிச்சர்ட்சனுக்கு பெத்த அம்மா இறந்ததை ஒலிம்பிக் டிரையல்ஸ் சமயத்துல ஒரு நிருபர் கேள்வி கேக்கும்போதுதான் தெரிஞ்சுது, தாங்காம கஞ்சா எடுத்தாங்க, சோதனையில மாட்டி ஒரு மாசம் தடை, டோக்கியோ போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு புடாபெஸ்ட்ல ஓரத்து ஒன்பதாவது லேன்ல இருந்து 100 மீட்டரை 10.65-ல ஓடி உலக சாம்பியன். போட்ஸ்வானாவோட லெட்சிலே டெபோகோவுக்கு 2024 மே மாசம் அம்மா இறந்தாங்க, அவருக்குத் தெரியும், துக்கப்பட்டார், கொஞ்ச நாள் டிரெயினிங்கே இல்ல. ஆகஸ்ட்ல அம்மா பிறந்த தேதியை ஷூவுல எழுதிக்கிட்டு பாரிஸ் 200 மீட்டர்ல 19.46 ஓடி தங்கம். தெரிஞ்சா ஓட மாட்டாங்கன்னு முடிவு பண்றதுக்கு நாம யாரு.

நாடே உன்னைப் பாக்குதுங்கிற பாரம் வேற ரகம். 2008 பெய்ஜிங்ல சீனாவே டிவி முன்னாடி உக்காந்திருக்க, குதிகால் நரம்பு வலி தாங்காம அவங்க ஹர்டில்ஸ் ஹீரோ லியு ஷியாங் ஹீட்ஸ்லயே திரும்பி நடந்து உள்ள போனார், நாலு வருஷம் கழிச்சு லண்டன்ல முதல் ஹர்டில்லயே விழுந்து, ஒத்தைக் கால்ல நொண்டிக்கிட்டே போய் கடைசி ஹர்டிலுக்கு முத்தம் கொடுத்தார். 2000 சிட்னியில ஆஸ்திரேலியாவோட கேத்தி ஃப்ரீமன் 400 மீட்டர் ஜெயிச்சதும் குதிக்கல, டிராக்லயே உக்காந்துட்டாங்க, சுமையை இறக்கி வெச்ச ஆள் மாதிரி. அவங்களுக்கு எதிரா ஓட வேண்டிய மரி ஜோஸ் பெரெக், மூணு ஒலிம்பிக் தங்கம் வாங்குன பிரான்ஸ்காரம்மா, ஹீட்ஸுக்கு முன்னாடியே ஊரை விட்டுக் கெளம்பிட்டாங்க. புதுச்சேரியில சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர், பிரெஞ்சு டிவி விடாம பாக்குறவர், என்கிட்ட இன்னும் "அந்தப் பொண்ணு ஓடி இருக்கணும்யா, ஓடிட்டு தோத்திருக்கணும்"னு ஆதங்கப்படுவார். அதே பெரெக்தான் 2024-ல பாரிஸ்ல ஒலிம்பிக் தீபத்தை ஏத்துனாங்க, அன்னைக்கு அவர் எதுவும் சொல்லல.

நம்ம ஊருக்கு வருவோம். கடலூர்ல இருந்து புதுச்சேரி இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான், நடுவுல முள்ளோடைல எல்லை. பாகூர் பையன் நல்லா ஓடுனா புதுச்சேரி டீம்ல நேஷனல்ஸ் போயிடலாம், அதே டைமிங் ஓடுற கடலூர் பையன் 38 மாவட்டத்தோட முட்டி மோதி ஸ்டேட்ல மூணாவது வரணும். பாகூர் பையனுக்கு சீக்கிரம் வெளி மாநிலப் போட்டி பழகுது, ஆனா அங்க போய் ஹீட்ஸ்லயே அடிவாங்கும்போது நாம அவ்ளோதானான்னு உடைஞ்சு போறான். கடலூர் பையன் வீட்டுப் பக்கத்துலயே அடிவாங்கி கெட்டியாகுறான், இல்ல பதினேழு வயசுலயே விட்டுடுறான். எது நல்லதுன்னு கேட்டா நான் கடலூர்க்காரன், சொல்ல மாட்டேன். அப்புறம் அரசு வேலையில விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு, போலீஸ், ரயில்வே. வேலை கெடச்ச அன்னைக்கே நிறைய பேரோட ஓட்டம் முடிஞ்சிடுது, அதை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டுக்கு அதுதான் தங்கம். இந்தக் காத்திருப்பு தாங்காம ஊசி பக்கம் போனவங்களும் இருக்காங்க. தனலட்சுமியும் 2022-ல ஊக்கமருந்து சோதனையில சிக்குனாங்க, ஒடிசாவோட ஸ்பிரின்டர் டூட்டி சந்தும் பின்னாடி சிக்குனாங்க. அதை வெச்சு முன்னாடி அவங்க பட்டதெல்லாம் பொய்னு ஆக்கிடுறதுல எனக்கு இஷ்டம் இல்ல.

எங்க அக்கா பொண்ணு இப்போ ஒம்பதாவது, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுறா. காலைல அஞ்சரைக்கு நான்தான் ஸ்கூட்டியில கூட்டிட்டுப் போறேன். செட்ல இருக்கும்போது தலையில என்ன ஓடும்னு ஒரு நாள் கேட்டேன். "ஒண்ணும் இல்ல மாமா, முழங்கைல கொசு கடிச்சிட்டு இருந்துச்சு, அடிக்க முடியலையேன்னு இருந்துச்சு"ன்னா. பின்னாடி நின்னு கை தட்டுறது என் வேலை. ஒரு வாட்டி ஒரு செகண்ட்ல தட்டணும், ஒரு வாட்டி மூணு செகண்ட் இழுக்கணும், எப்போ தட்டப் போறேன்னு எனக்கே தெரியக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கா. போன வாரம் செட் சொல்லிட்டு நான் கையை விரிச்சிக்கினு நிக்கிறேன், வெளிய ரோட்டுல யாரோ லோடு டெம்போ கதவைப் படார்னு சாத்துனான், பாஞ்சிட்டா, பத்தடி போய்தான் நின்னா. அவ திரும்பிப் பாத்தா, நான் ஒண்ணும் சொல்லல, பொறுமையா இருன்னு மட்டும் சொல்லிடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு நின்னேன். அவளே சிரிச்சிக்கிட்டு நடந்து வந்து, கையில ஒட்டுன மண்ணைத் தட்டிட்டு, கோட்டுக்குப் பின்னாடி விரலை ஊணுனா.